வெள்ளைத் திமிங்கிலம்: விடாமுயற்சியா, வெறியா?

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

‘எடுத்த காரியத்தை முடிக்கும்வரை ஓயாதே’ என்பது நம் பெற்றோரும் ஆசிரியைகளும் நமக்கு அடிக்கடி கூறும் அறிவுரை. பொதுத் தேர்வை எதிர்நோக்கும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு அது இன்னும் சற்று அதிகமாகவே கிடைக்கிறது. திருவள்ளுவரும் ‘ஆள்வினையுடைமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்து விடாமுயற்சியின் சிறப்பை உணர்த்துகிறார். ஆனால் எடுத்த காரியத்தைக் கடைசிவரை கைவிடாத ஒரு மனிதன், அந்த உறுதியாலேயே தானும் அழிந்து, தன்னை நம்பி வந்தவர்களையும் அழித்த கதை ஒன்று உலக இலக்கியத்தில் உண்டு. அதுவே அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் எழுதிய ‘மோபி டிக்’ என்னும் நாவல். விடாமுயற்சி எந்த இடத்தில் வெறியாக மாறுகிறது? இவ்வினாவுக்கு அந்நூலில் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியரும் நூலும்

மெல்வில் 1819-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். 12 வயதிலேயே தந்தையை இழந்தார். வங்கியில் எழுத்தராகவும் பள்ளியில் ஆசிரியராகவும் சிறிது காலம் வேலை பார்த்தார். பின்பு 1841-ஆம் ஆண்டு ஜனவரியில், தம் 21-ஆம் வயதில், ‘அகுஷ்நெட்’ என்னும் திமிங்கில வேட்டைக் கப்பலில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தார். ஆகவே அவர் எழுதிய கடல் காட்சிகள் வெறுங் கற்பனை அல்ல, கண்ணால் கண்டவை.

கதைக்கு மூலமாக ஓர் உண்மை நிகழ்ச்சியும் உண்டு. 1820-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள், பசிபிக் பெருங்கடலில் ‘எஸ்ஸெக்ஸ்’ என்னும் கப்பலை ஒரு பெரிய திமிங்கிலம் முட்டி மூழ்கடித்தது. சிறு படகுகளில் தப்பிய 20 பேரில், பசியையும் தாகத்தையும் கடந்து உயிரோடு மீண்டவர் 8 பேரே. அக்கப்பலின் முதல் துணைத் தலைவரான ஓவன் சேஸ் இதனை நூலாக எழுதினார். மெல்வில் கடலில் இருந்தபோது சேஸின் மகனையே சந்தித்து, அந்நூலை வாங்கிப் படித்தார்.

‘மோபி டிக்’ 1851-ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டனிலும், நவம்பரில் நியூயார்க்கிலும் வெளிவந்தது. 135 அத்தியாயங்களும் ஒரு முடிவுரையும் கொண்டது. கதையோடு திமிங்கிலத்தைப் பற்றிய செய்திகள் அத்தனையும் இதில் உள்ளன. திருமாலின் மச்சாவதாரத்தைக் கூட ஆசிரியர் விட்டுவைக்கவில்லை! ஆயினும் அக்காலத்து வாசகர்கள் நூலை வரவேற்கவில்லை. மெல்வில் பிற்காலத்தில் நியூயார்க் துறைமுகத்தில் 19 ஆண்டுகள் சுங்க அலுவலராக உழைத்து, 1891-இல் ஏறத்தாழ மறக்கப்பட்டவராகவே இறந்தார். அவருடைய நூற்றாண்டு 1919-இல் வந்த பின்னரே உலகம் இந்நூலின் பெருமையை உணர்ந்தது.

எண்ணெய்க்காக ஒரு வேட்டை

மின்விளக்கு இல்லாத காலம் அது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விளக்கெரிக்கவும், எந்திரங்களுக்கு இடவும் திமிங்கில எண்ணெய் பயன்பட்டது. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையிலிருந்து கிடைத்த மெழுகு போன்ற பொருளால் உயர்ந்த வகை மெழுகுவர்த்திகள் செய்யப்பட்டன. இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர்கள் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவும் நியூ பெட்போர்டு நகரும் ஆகும். 1840-களில் அந்நாட்டுக் கப்பல்கள் 700-க்கும் மேல் இவ்வேட்டையில் ஈடுபட்டிருந்தன. ஒரு பயணம் மூன்று, நான்கு ஆண்டுகள் கூட நீடிக்கும்.

பாய்மரத்தின் உச்சியில் ஒருவன் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பான். திமிங்கிலம் மூச்சு விடும் நீராவித் தாரை தெரிந்ததும் குரல் கொடுப்பான். உடனே சிறு படகுகள் இறக்கப்படும். கயிறு கட்டிய எறியீட்டியை வீசுவார்கள். குத்துண்ட திமிங்கிலம் படகையே இழுத்துக்கொண்டு ஓடும். ஓடும் கயிற்றில் கையோ காலோ சிக்கினால் உயிர் போய்விடும். கொன்ற திமிங்கிலத்தின் கொழுப்பைக் கப்பல் தளத்திலேயே பெரிய கொப்பரைகளில் உருக்கிப் பீப்பாய்களில் அடைப்பார்கள். 1859-இல் பென்சில்வேனியாவில் பெட்ரோலியக் கிணறு தோண்டப்பட்டு மண்ணெண்ணெய் பெருகியதும், இத்தொழில் படிப்படியாகத் தேய்ந்தது.

கதைச் சுருக்கம்

கதையைச் சொல்பவன் இஸ்மயேல் என்னும் இளைஞன். நியூ பெட்போர்டு விடுதியில் இடமில்லாததால், தென்கடல் தீவைச் சேர்ந்த குவீக்குவெக் என்பவனோடு ஒரே அறையில் தங்க நேர்கிறது. உடலெங்கும் பச்சை குத்திய அந்த எறியீட்டிக்காரனைக் கண்டு முதலில் அஞ்சுகிறான். மறுநாளே இருவரும் உற்ற நண்பராகின்றனர். கிறிஸ்தவனல்லாத குவீக்குவெக், தன்னை ஏளனம் செய்த ஒருவன் கடலில் விழுந்தபோது, தயங்காமல் குதித்து அவனைக் காப்பாற்றுகிறான். நல்ல சமாரியர் உவமையை அறிந்த நமக்கு இக்காட்சி புதிதாகத் தோன்றாது.

நண்பர் இருவரும் ‘பெக்குவாட்’ என்னும் கப்பலில் சேர்கின்றனர். அது நான்டக்கெட்டிலிருந்து கிறிஸ்து பிறப்பு விழா அன்று புறப்படுகிறது. கப்பல் தலைவன் ஆகாப் பல நாள் வெளியே வரவில்லை. அவன் தளத்தில் தோன்றும்போதுதான், ஒரு கால் இல்லாமல் திமிங்கிலத் தாடை எலும்பால் செய்த கால் பொருத்தியிருப்பதைக் காண்கிறோம். முந்தைய பயணத்தில் ‘மோபி டிக்’ என்று மாலுமிகள் பெயரிட்ட வெள்ளைத் திமிங்கிலம் அக்காலைத் துண்டித்துவிட்டது. அதனைப் பழிவாங்குவதே இப்பயணத்தின் உண்மை நோக்கம் என ஆகாப் அறிவிக்கிறான். ஒரு பொற்காசைப் பாய்மரத்தில் ஆணியால் அறைந்து, வெள்ளைத் திமிங்கிலத்தை முதலில் காண்பவனுக்கு அது பரிசு என்கிறான். மாலுமிகள் மது அருந்தி ஆரவாரம் செய்கின்றனர்.

கப்பல் அட்லாண்டிக்கையும் இந்தியப் பெருங்கடலையும் கடந்து பசிபிக்கை அடைகிறது. மோபி டிக் நேரில் வருவது கடைசி 3 அத்தியாயங்களில்தான். மூன்று நாள் துரத்துகின்றனர். மூன்றாம் நாள் திமிங்கிலம் கப்பலை முட்டி உடைக்கிறது. ஆகாப் தான் வீசிய எறியீட்டியின் கயிறே கழுத்தில் சிக்கி மாள்கிறான். கப்பலும் ஏறத்தாழ 30 பேரும் கடலுள் மறைகின்றனர். இஸ்மயேல் ஒருவனே பிழைக்கிறான்.

வெறி வளர்ந்த விதம்

ஆகாப் கோழை அல்லன், சோம்பேறியும் அல்லன். 40 ஆண்டுகள் கடலில் உழைத்தவன். கடலையும் திமிங்கிலங்களின் வழிகளையும் நன்கு கற்றவன். துணிவு, அறிவு, உழைப்பு, தலைமைப் பண்பு, குறிக்கோள் ஆகியவை அனைத்தும் அவனிடம் உள்ளன. அப்படியானால் எதை இழந்ததால் அவன் கெட்டான்?

மெல்வில் இதனைச் சிறு சிறு நிகழ்ச்சிகளால் காட்டுகிறார். முதலில் ஆகாப், தனக்கு இனி அமைதியே வேண்டாம் என்று தான் விரும்பிப் புகைத்த குழாயைக் கடலில் எறிகிறான். பிறகு, சூரியனைக் கொண்டு கப்பல் இருக்கும் இடத்தை அறியும் கருவியைத் தரையில் அடித்து நொறுக்குகிறான். தனக்கென வடித்த எறியீட்டிக்கு எறியீட்டிக்காரர் மூவரின் இரத்தத்தைத் தோய்த்து, தந்தையின் பெயரால் அன்று, பேயின் பெயரால் திருமுழுக்கு அளிக்கிறான்! கடைசியாக, பிப் என்னும் நீக்ரோச் சிறுவனின் அன்பையும் ஒதுக்குகிறான். கடலில் தனியே விடப்பட்டுச் சித்தம் கலங்கிய அச்சிறுவன்மீது ஆகாபுக்கு உண்மையான இரக்கம் உண்டு. ஆனால் அவன் அருகில் இருந்தால் தன் நோய் குணமாகிவிடும் என்று அஞ்சி அவனை விலக்குகிறான். நோய் தீருவதற்கு மருந்து தேடுபவரைக் கண்டிருக்கிறோம். நோய் தீர்ந்துவிடுமோ என்று அஞ்சுபவனை இங்குக் காண்கிறோம். வெறி என்பது இதுதான்.

இன்னொரு காட்சியும் மறக்க முடியாதது. ஓர் இரவு கொழுப்பு உருக்கும் நெருப்பையே உற்றுப் பார்த்தபடி சுக்கான் பிடித்திருந்த இஸ்மயேல், தன்னை அறியாமல் பின்புறமாகத் திரும்பிவிடுகிறான். கப்பல் கவிழும் நேரத்தில்தான் விழித்துச் சரிசெய்கிறான். ஒன்றையே நெடுநேரம் உற்றுப் பார்த்தால் திசை தவறும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? ஆனால் இஸ்மயேல் விழித்துக்கொண்டான், ஆகாப் விழிக்கவில்லை.

எதிர்ப்பட்ட 9 கப்பல்கள்

வழியில் பெக்குவாட் 9 கப்பல்களைச் சந்திக்கிறது. அக்காலத்தில் நடுக்கடலில் கப்பல்கள் சந்தித்தால் கடிதம், செய்தி, நலம் விசாரிப்பு எல்லாம் நடக்கும். ஆகாபோ வெள்ளைத் திமிங்கிலத்தைக் கண்டீர்களா என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கிறான். கண்டோம் என்ற பதிலுக்குத் தவிர வேறெதற்கும் அவன் காது கொடுப்பதில்லை.

அவற்றுள் ‘சாமுவேல் எண்டர்பி’ என்னும் ஆங்கிலக் கப்பலின் தலைவன் பூமர். இவனும் மோபி டிக்கால் ஒரு கையை இழந்தவன். இருவருக்கும் ஒரே துன்பம்தான். ஆனால் பூமர் சிரித்துப் பேசுகிறான். ஒரு கை போனது போதும், அத்திமிங்கிலத்தை அதன் வழியில் விட்டுவிடுவதே நல்லது என்கிறான். ஆகாப் அதைக் கேட்க நில்லாமல் புறப்பட்டுவிடுகிறான். ஒரே காயம் ஒருவனைப் பொறுமையுள்ளவனாகவும் மற்றவனை வெறியனாகவும் ஆக்கியது. ஆகவே காயத்தைக் குறை கூறிப் பயனில்லை என்று அறிகிறோம்.

‘ராகேல்’ என்னும் கப்பலின் சந்திப்பே நம் நெஞ்சை உருக்குவது. அதன் தலைவன் கார்டினர், முதல் நாள் மோபி டிக்கைத் துரத்திச் சென்ற படகு ஒன்று திரும்பாமல் தவிக்கிறான். அப்படகில் அவனுடைய 12 வயது மகன் இருந்தான். 48 மணி நேரம் மட்டும் தேட உதவும்படி, அதற்குக் கூலி தருவதாகவும் சொல்லி மன்றாடுகிறான். ஆகாபுக்கும் ஊரில் ஒரு சிறு மகன் உண்டு. அதையும் கார்டினர் நினைவூட்டுகிறான். ஆகாப் மறுத்துவிடுகிறான், பேசிக்கொண்டிருப்பதால் நேரம் வீணாகிறது என்கிறான். மகனைத் தேடும் தந்தையின் அழுகுரல் கேட்டும் நிற்காத கப்பலுக்கு, இனி எந்தக் குரல் கேட்கும்?

ஸ்டார்பக் செய்திருக்க வேண்டியது என்ன?

முதல் துணைத் தலைவன் ஸ்டார்பக் கடவுள் பயம் உள்ளவன். அறிவில்லாத ஒரு விலங்கின்மேல் பழிவாங்குவது இறைவனுக்கு ஏற்காத செயல் என்று அவன் ஒருவனே எடுத்துச் சொல்கிறான். பின்பு ஓர் இரவு, உறங்கும் ஆகாபின் அறை வாயிலில் துப்பாக்கியுடன் நின்று, சுட்டால் 30 பேரும் பிழைப்பார்களே என்று எண்ணிப் போராடுகிறான். முடிவில் துப்பாக்கியை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போகிறான்.

இதைப் பற்றி எங்கள் வகுப்பில் பெரிய வாக்குவாதமே நடந்தது. அவனைக் கட்டிப் போட்டாவது கப்பலைத் திருப்பியிருக்க வேண்டும் என்றனர் சிலர். கொலை செய்யாதே என்னும் ஐந்தாம் கட்டளையை ஸ்டார்பக் காத்தது சரியே என்றனர் வேறு சிலர். நாங்கள் கண்ட முடிவு இது: ஸ்டார்பக் தவறியது துப்பாக்கியைக் கீழே வைத்த இரவில் அன்று, பொற்காசு அறையப்பட்ட பகலில்தான். அன்று அவன் ஒருமுறை மறுத்துப் பேசிவிட்டுப் பின்பு அடங்கிவிட்டான். மற்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். முதல் நாளிலேயே பத்துப் பேர் அவனோடு சேர்ந்து நின்றிருந்தால், துப்பாக்கியைப் பற்றி எண்ண வேண்டிய இரவே வந்திராது. ஒருவனுடைய வெறிக்கு மற்றவர்களின் கைதட்டல் உணவாகிறது. தோழியர் கூட்டத்தில் ஒருத்தியை எல்லாரும் சேர்ந்து ஒதுக்கும்போது மௌனமாக இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

திமிங்கிலம் தீயதா?

ஆகாப் உலகத்துத் தீமை முழுவதையும் வெள்ளைத் திமிங்கிலத்தின் மேல் ஏற்றிப் பார்க்கிறான். ஆனால் நூல் அவ்வாறு சொல்லவில்லை. சுமத்ரா, ஜாவா தீவுகளுக்கு இடைப்பட்ட நீரிணை அருகே மாலுமிகள் ஒரு பெருந் திமிங்கிலக் கூட்டத்தின் நடுவில் அகப்பட்டுக்கொள்கின்றனர். சுற்றிலும் கொந்தளிப்பு, நடுவே அமைதியான நீர். அங்கே தாய்த் திமிங்கிலங்கள் குட்டிகளுக்குப் பாலூட்டுவதைக் கண்டு வேட்டைக்காரர்களே வியந்து நிற்கின்றனர். கடைசி நாளன்று ஸ்டார்பக்கும், திமிங்கிலம் உம்மைத் தேடவில்லை, நீர்தான் அதைத் தேடுகிறீர் என்று கதறுகிறான்.

திமிங்கிலம் மீன் அன்று. நம்மைப் போல வெப்ப இரத்தமும், குட்டிக்குப் பாலூட்டும் இயல்பும் கொண்ட உயிர். அளவுக்கு மீறிய வேட்டையால் அதன் பல இனங்கள் அழியும் நிலைக்கு வந்தன. பன்னாட்டுத் திமிங்கில வேட்டை ஆணையம் 1982-இல் முடிவு செய்து, 1986 முதல் வணிக வேட்டையை நிறுத்தி வைத்தது. சில நாடுகள் இதற்கு உட்படாவிட்டாலும், பல இனங்கள் மெல்லப் பெருகி வருகின்றன. இறைவனின் படைப்பைப் பகைப்பொருளாகப் பார்க்காமல் காக்கும் பொறுப்பு நமக்கு உண்டு.

விவிலியத்தின் ஒளியில்

இந்நூலின் பெயர்கள் விவிலியத்திலிருந்து வந்தவை. அரசன் ஆகாபு, நாபோத்தின் திராட்சைத் தோட்டம் கிடைக்கவில்லை என்று உண்ணாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தவன். தனக்கு வேண்டிய ஒன்றைத் தவிர மற்றொன்றும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. இறைவாக்கினர் எலியா அவனை எச்சரித்தார். நாவலிலும் எலியா என்னும் ஒருவன், கப்பல் ஏறும் முன் இஸ்மயேலை எச்சரிக்கிறான்.

நூலின் தொடக்கத்தில் போதகர் மேப்பிள் இறைவாக்கினர் யோனாவைப் பற்றிப் பிரசங்கிக்கிறார். யோனாவும் பிடிவாதக்காரரே. ஆனால் மீனின் வயிற்றில் அவர் மனந்திரும்பி இறைவனை வேண்டினார், கரை சேர்ந்தார். ஆகாபுக்கும் அத்தகைய நேரம் வந்தது. துரத்தல் தொடங்கும் முந்தின நாள், அமைதியான கடலைப் பார்த்து அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடுகிறான். மனைவியையும் மகனையும் நினைக்கிறான். வீட்டுக்குத் திரும்புவோம் என்று ஸ்டார்பக் கெஞ்சுகிறான். கப்பலைத் திருப்ப ஒரு சொல் போதும். அவன் அச்சொல்லைச் சொல்லவில்லை.

இஸ்மயேல் என்னும் பெயருக்குக் ‘கடவுள் செவிசாய்க்கிறார்’ என்பது பொருள். தொடக்க நூலில், பாலைவனத்தில் விடப்பட்ட சிறுவன் இஸ்மயேலின் குரலைக் கடவுள் கேட்டார் எனப் படிக்கிறோம். நாவலின் இஸ்மயேல், நண்பன் குவீக்குவெக்குக்காகச் செய்யப்பட்ட சவப்பெட்டியைப் பற்றிக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் மிதக்கிறான். மறுநாள் ஒரு கப்பல் வந்து அவனைத் தூக்குகிறது. அது எந்தக் கப்பல்? ஆகாப் உதவ மறுத்த அதே ராகேல்! காணாமற்போன தன் பிள்ளைகளைத் தேடி அலைந்தபோது, அது வேறொருவர் பிள்ளையைக் கண்டெடுக்கிறது.

1851-இல் இலண்டனில் வந்த பதிப்பில் இந்த முடிவுரை விடுபட்டுப்போயிற்று. எல்லாரும் இறந்தபின் கதையைச் சொன்னவன் யார் என்று அங்குள்ள திறனாய்வாளர்கள் குறை கூறினர். அவர்கள் இழந்தது அந்த விளக்கத்தை மட்டும் அன்று. இரக்கத்தோடு முடியும் ஒரு கதையையே இழந்தார்கள்.

முடிவுரை

விடாமுயற்சிக்கும் வெறிக்கும் உழைப்பிலோ துணிவிலோ வேறுபாடு இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். வேறுபாடு செவியில் இருக்கிறது. விடாமுயற்சி உள்ளவள் வழியில் பிறர் குரலைக் கேட்பாள். தேவையானால் நின்று உதவிவிட்டு மீண்டும் நடப்பாள். தவறான திசை என்று அறிந்தால் திரும்பவும் செய்வாள். வெறி கொண்டவரோ தமக்கு வேண்டிய பதிலைத் தவிர எதையும் கேளார். ஆள்வினையுடைமையைச் சொன்ன வள்ளுவர், ‘கேள்வி’ என்று இன்னோர் அதிகாரமும் வைத்ததன் பொருள் இப்போது விளங்குகிறது.

நாம் முதல் மதிப்பெண்ணை விரும்பலாம். விளையாட்டில் வெற்றிக் கோப்பையை விரும்பலாம். மருத்துவராகவோ ஆசிரியையாகவோ துறவியாகவோ ஆக விரும்பலாம். விரும்பியதற்காக இரவு பகலாக உழைக்கவும் வேண்டும். ஆனால் பக்கத்துப் பெஞ்சில் பாடம் புரியாமல் கலங்கும் தோழிக்கு விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஒதுக்கத் தயங்கும்போதும், அம்மாவின் உடல்நிலையைக் கேட்கவும் நேரமில்லை என்று புத்தகத்தில் மூழ்கும்போதும், நம்மைக் கடந்து ஒரு ‘ராகேல்’ போய்க்கொண்டிருக்கிறது என்று உணர்வோம். அதைக் கூப்பிட்டு நிறுத்துவோம். குறிக்கோள் எங்கும் போய்விடாது.